போர் நடக்கும்போதே சமாதானத்துக்குத் திட்டம் போடலாமா?

கோபி வாத்தியார்:
போன ஞாயிறு எங்கள் வாசகர் கூட்டத்தில் கிளம்பிய வாக்குவாதம் இது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு சண்டை நடத்திக்கொண்டே, சண்டைக்குப் பின் நாடு எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. அது தேவையா என்று கேட்டார்கள். தேவை என்பதுதான் என் கட்சி.

1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. நோய், வேலையின்மை, முதுமை எல்லாவற்றுக்கும் ஒரே காப்பீடு. 1943 நவம்பரில், உணவு அமைச்சராக இருந்த ஊல்டனை மறுசீரமைப்பு அமைச்சர் ஆக்கினார்கள். ரேஷனை ஒழுங்காக நடத்தியவர் சொன்னால் சனம் நம்பும் என்றுதான் அவரைப் போட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். 1944-ல், கல்விப் பொறுப்பில் இருந்த பட்லரின் கல்விச் சட்டம். பட்டாளத்திலிருந்து யார் முதலில் வீடு திரும்புவது என்பதைக்கூட, வயதையும் சேவைக்காலத்தையும் வைத்து தொழிலாளர் அமைச்சர் பெவின் 1944-லேயே முடிவு செய்துவிட்டார். அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கிற மாதிரிதான் இது.

பல்லடம் கணக்கர்:
வாத்தியாரய்யா, எனக்கு ஒப்பவில்லைங்க. பிரதமர் சர்ச்சில் தயங்கியதில் நியாயம் இருந்தது. கையில் பணம் இருக்குமா என்று தெரியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது என்றார். அப்படியேதான் ஆச்சு. போர் நடந்த காலத்தில் ரேஷனே இல்லாத ரொட்டிக்கு 1946 ஜூலையில் ரேஷன் போட்டார்கள். இறைச்சி ரேஷன் நீங்க 1954 ஆகிவிட்டது.

கோபி வாத்தியார்:
அம்மிணி, முதல் உலகப்போரையும் பாருங்கள். 1918-ல் வீரர்களுக்கு வீடு என்றார்கள். 1921-லேயே அந்த நிதியை வெட்டினார்கள். அந்த வருஷம் 20 லட்சம் பேருக்கு வேலையில்லை. அந்தச் சூடு பட்டவர்கள்தான் அடுத்த தடவை முன்கூட்டியே உட்கார்ந்து எழுதினார்கள்.

சென்னிமலைத் தறி:
இரண்டு பேரும் லண்டனை விட்டு நகரவே இல்லை. பிரிட்டன் கடன்பட்டது யாரிடம்? பெரிய பங்கு நம்மிடம். போர் முடிந்தபோது இந்தியாவுக்கு அவர்கள் தர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 130 கோடி பவுண்டு. நம் துணியையும் தளவாடத்தையும் உழைப்பையும் வாங்கிக்கொண்டு லண்டனில் பற்று எழுதினார்கள். அதற்கு ஈடாக இங்கே நோட்டு அடித்தார்கள். 1939-ல் புழங்கிய நோட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் 1945-ல் புழங்கியது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, குழித்தறி நெய்தவர். 1943-ல் நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், கார்டுக்கு இத்தனை சிட்டம் (நூல் கட்டு) என்று அளந்துதான் கிடைத்ததாம். கோயமுத்தூர் மில்கள் ராவும் பகலும் ஓடின. ஆனால் ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல் தள்ளி இருந்த இவர், தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நூல் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அம்மாயி அறுந்த நூல் துண்டையெல்லாம் ஓலைக் கொட்டானில் சேர்த்து வைப்பார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, தறி நாடாவுக்குள் வைக்கிற தார் சுற்றுவார். முடிச்சு தெரிகிற துணியைச் சந்தையில் யாரும் வாங்கவில்லை. அதையே வீட்டுப் பிள்ளைகள் உடுத்தினார்கள்.

அப்புறம் வங்காளம். அதே 1943. ஏறக்குறைய 30 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். தானியம் கொண்டுவரக் கப்பல் கேட்டபோது லண்டன் போர் அமைச்சரவை போதுமான அளவு கொடுக்கவில்லை. அந்த அமைச்சரவைக்குக் கீழேதான் பிரிட்டனில் குழந்தைகளுக்குப் பாலும் ஆரஞ்சுச் சாறும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அதை எப்படி நல்ல நிர்வாகம் என்று தனியாகப் பிரித்துப் பாராட்டுவது? எனக்கு முடியவில்லைங்க.

கோபி வாத்தியார்:
வங்காளத்தை நான் மறைக்கவில்லை, தம்பி. ஆனால் இங்கேயும் திட்டம் எழுதினார்கள். 1943 அக்டோபரில் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் சுகாதாரக் குழு அமைத்தார்கள். 1944-ல் தில்லியில் திட்டமிடுவதற்கென்றே ஒரு துறை, அர்தேஷிர் தலால் பொறுப்பில். ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊரூராக வந்ததற்கு அந்தக் குழுவின் 1946 அறிக்கைதான் அடிப்படை. என் மகன் பிறந்தது அப்படி ஒரு நிலையத்தில்தான். அதை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

சென்னிமலைத் தறி:
வேண்டாம் என்று நானும் சொல்லவில்லைங்கய்யா. யாரைக் கேட்டு எழுதினார்கள் என்கிறேன். 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதிலிருந்து 1946 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தில் கவர்னரும் ஆலோசகர்களும் வைத்ததுதான் சட்டம். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளத்துக்கு நெருப்பு வைத்தார்கள் என்றால், கேட்க வேறு வாசல் இல்லாத கோபமும் அதில் இருந்தது. பிரிட்டனில் 1945 ஜூலையில் சனம் ஓட்டுப் போட்டு, போரில் ஜெயித்த சர்ச்சிலையே இறக்கிவிட்டு தொழிற்கட்சியின் அட்லியை உட்கார வைத்தது. சொத்தும் படிப்பும் இல்லாத எங்கள் அப்பிச்சிக்கு 1946-லும் ஓட்டுக் கிடையாது.

பல்லடம் கணக்கர்:
சரிங்கண்ணா. பணம் இருக்குமா என்று கேட்டேனே தவிர, யார் பணம் என்று நான் கேட்கவில்லை. அந்த 130 கோடி என் கணக்கிலேயே வரவில்லை. முன்கூட்டி வாக்குக் கொடுப்பது தப்பு என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

கோபி வாத்தியார்:
ஓட்டு விஷயத்தில் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அட்லிக்குக் கிடைத்த தீர்ப்பைப் பற்றி இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், நம் ஊர் நெசவாளியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இந்த ஞாயிறு நீங்களே வந்து பேசுங்கள். அப்பிச்சியின் நூல் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள்.

சென்னிமலைத் தறி:
கார்டு இல்லைங்கய்யா. அம்மாயியின் கொட்டான் அட்டாலியில் இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறேன்.