நியூட்ரலுக்கு ‘மீள்கம்பி’ என்று வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வாட்டர் ஹீட்டர் பொருத்துவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். மும்முனை மின்சாரம் வரும் வீடுகளைப் பற்றிய பகுதியில் ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன்: நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. மின்சாரம் வரும் பேஸுக்கு ‘முனை’ ஊரெல்லாம் புழங்குகிறது, எர்த்துக்குப் புவிக்கம்பி போதும். நியூட்ரலுக்குத்தான் இங்கே ‘நடுநிலைக் கம்பி’ என்றும் இலங்கையில் ‘நொதுமல்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் எனக்கு உறுத்துகின்றன.

போன மழைக்காலத்தில் சின்னம்மா வீட்டில் கீசர் சுடவில்லை. சாக்கெட்டைக் கழற்றியதும், கறுப்பு ஒயர்தானே, நியூட்ரல்தானே என்று நான் கையை நீட்டிவிட்டேன். எலக்ட்ரீஷியன் என் கையைத் தட்டிவிட்டு டெஸ்டரை வைத்துக் காட்டினார். சிவப்பிலும் எரிந்தது, கறுப்பிலும் எரிந்தது. “ரிட்டன் வருது தம்பி, தொடாதீங்க” என்றார். போர்டில் நியூட்ரல் கழன்றிருந்தது. கீசர் சுருள் வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் கறுப்பு ஒயரில் முழு 230 வோல்ட்டாக நின்றிருக்கிறது.

‘நடுநிலை’ என்றால் யார் பக்கமும் சேராதது, ஒன்றும் செய்யாதது என்றுதான் நம் காதில் விழுகிறது. நொதுமலர் என்றால் பழைய அகப்பாடல்களில் அயலார். கீசருக்குப் போகும் ஒன்பது ஆம்பியரில் ஒரு துளி குறையாமல் சுமந்து திரும்பும் கம்பியை அயலார் என்பதா? அந்த எலக்ட்ரீஷியன் வாயில் வந்த ‘ரிட்டன்’தான் சரியான பெயர். அதைத் தமிழில் ‘மீள்கம்பி’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

மும்முனையில் மின்சாரம் மற்ற இரண்டு முனைகள் வழியாகவும் திரும்புமே என்று கேட்பீர்கள். உண்மைதான். மூன்று முனையிலும் ஒரே அளவு ஹீட்டர் இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டமே இருக்காது. ஆனால் வீட்டில் எப்போது அப்படி இருந்திருக்கிறது? ஒரு முனையில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு, மூன்றாவதில் ஒன்றும் ஓடவில்லை. மீட்டர் அருகே நியூட்ரல் அறுந்தால் இரண்டும், இரு முனைகளுக்கு இடையே இருக்கும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றுவிடும். பல்புக்குக் கிட்டத்தட்ட 380 வோல்ட், கீசருக்கு இருபதுகூட இல்லை. கீசர் சும்மா இருக்கும், பல்பு வெடிக்கும். டிரான்ஸ்பார்மரில் மூன்று சுருளும் சேரும் இடத்தை ‘நடுப்புள்ளி’ என்றே சொல்லலாம், அங்கே அது பொருந்துகிறது. வீட்டுக்குள் வரும் கம்பிக்கு அது செய்கிற வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும்.

‘பொதுக்கம்பி’ என்பதையும் யோசித்தேன். பொது என்று சொல்லிவிட்டால் பாத்ரூம் நியூட்ரலையும் ஹால் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். ஆர்.சி.சி.பி. என்பது, போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் திரும்பாவிட்டால் துண்டித்துவிடும். பக்கத்துச் சுற்றின் கம்பி வழியாகத் திரும்பினாலும் அதற்குக் கணக்கு இடிக்கும். அடிக்கடி விழுகிறதே என்று கடைசியில் அதையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். மீள்கம்பி என்றால் ‘எதற்குப் போனதோ அதிலிருந்து மீள்வது’ என்று விளக்கவும் எளிது.

நிறத்தை நம்ப முடியாததால்தான் பெயரில் இவ்வளவு பிடிவாதம். நம் மும்முனை வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முனைகள், கறுப்புதான் நியூட்ரல். பல கீசர்களின் ஒயரிலோ பழுப்பு முனை, நீலம் நியூட்ரல். நீலத்தை நீலத்தோடு சேர்த்து, பழுப்பையும் இன்னொரு முனையில் கொடுத்தால் கீசர் 400 வோல்ட்டில் நிற்கும். 2000 வாட் சுருள் 6000 வாட் இழுக்கும். அதனால் கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“கீசர் ஒயரில் நீலம் மீள்கம்பி. சுவருக்குள் நீலம் மூன்றாம் முனை. இரண்டையும் சேர்க்காதீர்கள். மீள்கம்பியில் தனி ஃபியூஸ் வேண்டாம்.”

இன்னொன்றுக்கும் உங்கள் யோசனை தேவை. கீசருக்குப் போடும் டபுள் போல் ஸ்விட்ச் முனையையும் மீள்கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும். அதை ‘இருமுனை’ என்று எழுதினால் மும்முனையோடு குழம்பி, இரண்டு பேஸுக்கான ஸ்விட்ச் என்று படிப்பார்கள். ‘இருகம்பி ஸ்விட்ச்’ என்று வைத்திருக்கிறேன். சரியாக வருகிறதா?