வேர்டு கோப்பைத் திறந்ததும் வந்த சிக்கல்: பழைய கோப்புகளைக் காப்பாற்ற வழி வேண்டும்

மன்னார்குடி பக்கம் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன செவ்வாய் மாலை கடை மெயிலுக்கு 'பில்' என்ற பெயரில், வேர்டில் திறக்கும் ஒரு ஆர்டிஎஃப் கோப்பு வந்தது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற நேரம், யோசிக்காமல் திறந்துவிட்டேன். வேர்டு வெற்றுப் பக்கமாகத் திறந்து தானே மூடிக்கொண்டது. டாஸ்க் மேனேஜரில் ஈக்வேஷன் எடிட்டர் (ஆபீஸோடு வரும், சமன்பாடு அடிக்கும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தது. நான் கணக்குச் சமன்பாடு எதுவும் அடிக்கவே இல்லை. அன்று இரவே என் மெயிலிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு அதே கோப்பு போயிருக்கிறது.

கணினியில் விண்டோஸ் 7, ஆபீஸ் 2010. மேக்ரோவை (கோப்புக்குள் வைத்து ஓட்டும் சிறு நிரல்) எப்போதோ நிறுத்திவிட்டேன், அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். ஈக்வேஷன் எடிட்டரில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக வைரஸ் நுழைய மேக்ரோவே தேவையில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. 2017 நவம்பரில் அதற்குத் திருத்தம் வந்திருக்கிறது, நான் போடவில்லை. ஆபீஸ் 2010-க்கான ஆதரவும் 2020 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டும் மாற்றி, வாடிக்கையாளர்களுக்கும் திறக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆன்டிவைரஸ் இரண்டு முறை முழுதாக ஓடியும் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் கணினி இன்னும் திணறுகிறது. சரி, ஃபார்மேட் செய்யத் தயார். ஆனால் அதில் பதினோரு வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் கும்பாபிஷேக அழைப்பிதழ்களும் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை.

இந்த வேர்டு கோப்புகளை, தொற்று கூடவே வராமல், புதுக் கணினிக்கு எப்படி எடுப்பது?