ரோடு பைக்கில் ஒரே மாதத்தில் நாலு பஞ்சர், எங்கே கோளாறு?

உச்சிப்புளி:
அண்ணன்மாரே, ஒரு உதவி வேண்டும். தினமும் விடியற்காலையில் பாம்பன் பாலம் வரை ஓட்டிப் போய் வருகிறேன். 700x25 டயர் (25 மி.மீ. அகலம்தான், மெல்லியது), வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த மாதம் மட்டும் நாலு பஞ்சர், நாலும் பின்சக்கரத்தில். இரண்டு தடவை புது டியூபே போட்டாயிற்று. நேற்று மண்டபத்திலிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தேன். டயரையே மாற்றிவிடலாமா?

கீழக்கரை:
அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாலைப் பக்கம் என்றால் முள்ளோ கம்பியோ. ஸ்போக்ஸ் பக்கம் என்றால் ரிம் டேப், அதாவது ரிம்முக்குள் ஸ்போக்ஸ் முனைகளை மூடும் பட்டை, நகர்ந்திருக்கும். பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்று போதவில்லை, பாலத்து இணைப்பில் இடித்து டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

உச்சிப்புளி:
பார்த்துவிட்டேன் அண்ணே. மூன்று ஓட்டை சாலைப் பக்கம், மூன்றுமே வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி. நாலாவது இரட்டைக் கீறல்.

தொண்டி:
அப்படியானால் முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. கருவை முள் அப்படித்தான், மேலே ஒடிந்து நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். கையால் தடவினால் தட்டுப்படாது. நீங்கள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் டியூபைக் குத்தும். வால்வு இருந்த இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, டியூபை அதே வாக்கில் டயர்மேல் வையுங்கள். ஓட்டைக்கு நேராக டயரை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும். ஊக்கால் வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் வந்துவிடும்.
அப்புறம், கரிமூட்டத்துக்குக் கருவை ஏற்றிய வண்டி போன பிறகு சாலையோரமெல்லாம் முள்ளாகக் கிடக்கும். வெள்ளைக்கோட்டை ஒட்டி ஓட்டாதீர்கள்.

உச்சிப்புளி:
கிடைத்துவிட்டது அண்ணே! அரை அரிசி அளவுகூட இல்லை. வெளியே கடுகுபோல ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். இதற்காக இரண்டு டியூப் காசு போயிற்று. காற்றையும் அளந்தேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 80 psi இருக்கும் என்று நினைத்திருந்தேன், 55தான் இருந்தது. 85 வைத்திருக்கிறேன். டயரில் அந்தத் துளையை அடைக்க வேண்டுமா?

தொண்டி:
கடுகளவுதானே, வேண்டாம். உள்ளே நூல் அறுந்து தெரிந்தால் மட்டும் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். முன்டயரையும் ஒருதடவை பஞ்சால் பார்த்துவிடுங்கள்.