நாய்க்குப் பல் தேய்க்க வேண்டுமா? எலும்பு போதாதா?

துரை, கொழிஞ்சாம்பாறை:
எங்கள் தென்னந்தோப்பில் அப்பா காலத்திலிருந்து நாய் வளர்க்கிறோம். கறி எடுக்கிற நாளில் எலும்பு அதுக்குத்தான். பல்லுக்கு அது போதும். ரொம்பப் பழுப்பேறினால் உமிக்கரி வைத்து ஒரு தேய். நாய்க்கு பிரஷ், பேஸ்ட் என்பதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிடுகிற வியாபாரம்.

செல்வி, வாளையார்:
துரை அண்ணா, உங்கள் நாயின் மேலுதட்டைக் கடைவாய்ப் பக்கம் தூக்கிப் பாருங்கள். முன்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். எச்சில் வந்து விழுகிற இடம் மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம். பல்லில் கெட்டியாகப் படிகிற காறை முதலில் பிடிப்பது அங்கேதான். ஈறு ஓரம் சிவப்பாகக் கோடு தெரிந்தால் அழற்சி தொடங்கிவிட்டது. பல்லில் படிகிற கிருமிப் படலம் எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து இரண்டு மூன்று நாளிலேயே கெட்டியாகத் தொடங்கும். கல்லான பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. குழம்பில் வெந்த எலும்போ சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை எலும்பும் கெட்டியாக இருந்தால் அதே கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். உமிக்கரி பல்லின் மேல்பூச்சைத்தான் அரிக்கும்.

துரை:
சரி அம்மணி, வெந்த எலும்பை நிறுத்திவிடலாம். ஆனால் காவல் நாயின் வாய்க்குள் யார் கை விடுவது? மயக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்தால் வயசான நாய் எழுந்திருக்குமா? மயக்கமில்லாமலே சுரண்டிவிடுகிறார்களாமே.

ரவி, மீனாட்சிபுரம்:
அதை மட்டும் செய்யாதீர்கள் அண்ணா. கண்ணுக்குத் தெரிகிற காறைதான் போகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். நாய் விழித்திருக்கும்போது அங்கே கருவியை விட முடியாது. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் மயக்கம் கொடுப்பார்கள். பயமாக இருந்தால் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் காட்டிக் கேளுங்கள். செல்வி, உங்களுக்கும் ஒன்று: ஈறில் ரத்தம் வருகிற நாய்க்கு உடனே பிரஷ் பிடிக்கச் சொல்லாதீர்கள். வலியில் கடித்துவிடும். முதலில் வைத்தியம்.

செல்வி:
உண்மைதான் ரவி. நான் சொல்வது குட்டியிலிருந்தே பழக்குவதை. விரலில் ஈரத்துணி சுற்றி, வெங்காயம் போடாத கறிச்சாறு தொட்டு, தினமும் பல்லின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். நம் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது. அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும்.

துரை:
புதுக்குட்டிக்கு நீங்கள் சொன்னபடி செய்கிறேன். பெரியதைச் சோறு தின்கிற வரை தொட மாட்டேன்.

செல்வி:
தின்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் அண்ணா. பல் ஆடினாலும் நாய் தின்றுகொண்டுதான் இருக்கும். ஒரு பக்கமாகவே மெல்கிறதா, வாய் நாறுகிறதா என்று பாருங்கள்.