ஜப்பான் கடற்படை விமான நிறங்கள்: இன்னும் மனதை அரிக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பழையதூரிகை:
இரண்டாம் உலகப்போர் ஜப்பான் கடற்படையின் ஸீரோ சண்டை விமானம் வெறும் சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா என்ற சண்டை எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மெல்பர்னில் ஒரு மாடல் கண்காட்சி. ஒரு பெரியவர் மேஜையில் உள்ளங்கை அகல அலுமினியத் துண்டு. நியூ கினியில் விழுந்த மாடல் 21 ரக ஸீரோவுடையது என்றார். சுண்ணாம்பு பூத்த வெளிர் சாம்பல். கையில் இருந்த ஜே3 என்ற சாம்பல் நிற அட்டையை ஒட்டி வைத்தேன், வித்தியாசமே தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் இருண்டு, பச்சைப்பயறுத் தோல் நிறத்துக்கு வந்தது. ஈரம் காய்ந்ததும் பழையபடி வெளுத்தது. ஆணித்துளை ஓரத்தில் மேல்பூச்சு உதிர்ந்து செம்பழுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) கீற்றாகத் தெரிந்தது. படம் எடுக்கலாமா என்றேன். கூரையைக் காட்டினார். மஞ்சள் விளக்கு. "இந்த வெளிச்சத்துப் படத்தை வைத்து எவனும் நிறம் பேசக் கூடாது" என்று துண்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். என் மாடல் இன்னமும் ப்ரைமரோடு நிற்கிறது.

ஆர்த்தோக்காரன்:
தூரிகை அண்ணா, காட்டில் இத்தனை வருடம் மழையும் வெயிலும் தின்ற துண்டு அது. எச்சில் தொட்டால் எந்த வெளுத்த பெயிண்டும் இருளும். அது 1942-இல் எப்படி இருந்தது என்று அந்த மூலை எப்படிச் சொல்லும்?

என் கதை வேறு. ஒரு போட்டிக்கு ஹிர்யூ கப்பலின் ஸீரோவைக் கொண்டுபோனேன். எந்தக் கப்பல் விமானம் என்பதை உடம்பில் உள்ள பட்டையின் நிறமும் எண்ணிக்கையும் சொல்லும். ஹிர்யூவுக்கு 2 நீலப் பட்டை, ஸுய்காகுவுக்கு 2 வெள்ளை. நடுவர் ஒரு பழைய படத்தை நீட்டி, "இதில் பட்டை வெள்ளையாக இருக்கிறதே, இது ஸுய்காகு விமானம்" என்றார். அது ஆர்த்தோ ஃபிலிமில் எடுத்த படமாக இருக்கலாம், அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் போனை எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, என் மாடலுக்கு நேராகப் பிடித்தார். திரையில் பட்டை கன்னங்கரேல் என்று வந்தது. "பார், நீலம் வெளுக்கவில்லை." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்! இன்றைய போன் எல்லா நிறத்தையும் பார்த்துவிட்டுத்தான் சாம்பலாக்குகிறது, ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. இதை நின்று கேட்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. மார்க் போனது போகட்டும், அந்தத் தலையாட்டல்தான் எரிச்சல்.

1942 நடுவிலிருந்து சிறகின் முன்விளிம்பில் அடித்த மஞ்சள் பட்டைக்கும் இதே கதிதான். ஆர்த்தோவில் அது இருண்டுவிடும். படத்தில் காணோம் என்று விட்டுவிடுகிறார்கள்.

கம்ப்ரெஸர்:
கலிஃபோர்னியாவில் சைனோ அருங்காட்சியகத்தின் 61-120 எண் ஸீரோ பறந்ததைப் பார்த்திருக்கிறேன். 1944 ஜூனில் சைப்பானில் பிடிபட்ட மாடல் 52, அதே சகாயே எஞ்சினோடு இன்றும் பறக்கிறது. சத்தம் கேட்டதும் கேமராவை மறந்துவிட்டேன். அவ்வளவுதான் கதை.

ஆனால் இங்கே சில பேருக்கு அடிப்படை தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். நிறத்துக்கு முன் தொழிற்சாலையைக் கண்டுபிடியுங்கள். ஸீரோக்களில் பாதிக்கு மேல் நகாஜிமா கட்டியவை. பச்சை பூசிய விமானமென்றால் பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோட்டை வால் பக்கம் பாருங்கள். மிட்சுபிஷியில் அது கிட்டத்தட்ட நேராகவே பின்னால் ஓடும். நகாஜிமாவில் வளைந்து வால்சிறகின் முன்விளிம்பை நோக்கி ஏறும். சாம்பல் காலத்து மாடல் 21 என்றால், உடம்பிலுள்ள சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் நகாஜிமா. எஞ்சின் முகப்பு மூடிக்கு வெறும் கறுப்பு அடிக்காதீர்கள், மிட்சுபிஷியில் நீலம் கலந்த கறுப்பு. உட்புறத்துக்கு அவோதாகே (உலோகத்தைக் காக்கும் நீலப்பச்சைப் பூச்சு) அடிக்கும்போது முதலில் வெள்ளி, அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலமும் பச்சையும் மெல்லிசாக. நேரே நீலப் பெயிண்டை எடுத்து அப்பினால் கழிப்பறைக் கதவுதான். விமானி அறைக்கு அவோதாகே வேண்டாம், அது வேறு பச்சை, அதிலும் இரண்டு தொழிற்சாலைக்கும் இரண்டு விதம். அப்புறம் பெயிண்ட் உதிர்ந்ததுபோல் காட்டுவது. ஸீரோவுக்கு அடியில் ப்ரைமர் உண்டு. ஸ்பாஞ்சில் வெள்ளியைத் தொட்டு விமானம் முழுக்கப் புள்ளி வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கடைசியாக, சின்ன மாடலுக்கு எந்த நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் அடிக்க வேண்டும்.

பழையதூரிகை:
கேட்டது அனுபவம். வந்தது பாடம்.

துணிச்சுக்கான்:
தூரிகை அண்ணா, அந்தத் துண்டு உலோகம் என்பதில் சந்தேகமில்லையே? சுக்கான், சிறகின் பின்விளிம்பில் அசையும் எய்லெரான் எல்லாம் துணி போர்த்தியவை, அங்கே சாம்பலே சற்று வேறு மாதிரி இருக்கும். சரி, அலுமினியம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். விடுங்கள்.

ஈப்போவாசி:
டோக்கியோவில் யாசுகுனி கோயில் பக்கத்து யூஷூகான். நுழைந்ததும் கண்ணாடிக் கூடத்தில் மாடல் 52 ஸீரோ நிற்கிறது, அங்கே டிக்கெட்கூட வேண்டாம். கம்ப்ரெஸர் சொல்லும் அந்த நீலக்கறுப்பைப் பார்க்கத்தான் சாம்பல் அட்டையும் கையுமாகப் போனேன். மூக்குக்கு நேரே உட்கார்ந்து படம் எடுக்கக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். திரும்பினால் ஒரு நீராவி எஞ்சின். சி56, எண் 31. பலகையைப் படித்தேன். தாய்லாந்து பர்மா ரயில்பாதையில் ஓடியது, 1943-இல் பாதை திறந்த நாளிலும் ஓடியது.

எங்கள் தாத்தாவின் அண்ணனைப் பேராக் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பாதை போடத்தான். அவர் வரவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் யார் வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. பலகையில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு வரி கிடைக்குமா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒரு பையன் எஞ்சின் சக்கரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

நீலக்கறுப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் எடுத்த படங்களில் எல்லாம் ரயில்தான் இருக்கிறது.

கம்ப்ரெஸர்:
வருத்தமாக இருக்கிறது ஈப்போ. ஒன்று மட்டும், அந்த ஸீரோ மறுபடி சீர் செய்து பெயிண்ட் அடித்தது. நிறத்துக்கு ஆதாரமாக எடுக்க முடியாது.

ஈப்போவாசி:
சரி.

சீனன்குடா:
நான் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சு நேரம் எங்கட அப்பப்பா சின்னப் பெடியன். அவர் உயிரோடு இருக்கும்போது மேசையில் இரண்டு மாடலை வைத்துக் காட்டினேன், சக்கரக் கால் மடங்காத டி3ஏ குண்டுவீச்சு விமானம் ஒன்று, கால் மடங்கும் பி5என் குண்டுவீச்சு விமானம் ஒன்று. டி3ஏ-யைப் புறங்கையால் ஒதுக்கினார். "கால் தொங்கிக்கொண்டு ஒண்டும் வரேல்லை." பி5என்-ஐ எடுத்தார். மேல்பக்கப் பச்சைக்கு நான் பட்ட பாட்டைப் பார்க்கவே இல்லை. மல்லாக்கத் திருப்பி, முகத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்து, வெளிர் வயிற்றையும் இரண்டு சிவப்பு வட்டத்தையும் கனநேரம் பார்த்தார். "இது சரி. மேல்பக்கம் நான் எப்படிக் காண்றது?"

பிறகு புத்தகங்களில் தேடினேன். அன்று திருகோணமலைக்கு வந்தவை 91 பி5என், 41 ஸீரோ. கால் மடங்காத டி3ஏ எல்லாம் மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்கப் போனவை. இது தெரியாமல் "திருகோணமலை டி3ஏ" என்று பலகை எழுதி வைக்கும் ஆட்களைப் பார்த்தால் அப்பப்பாவின் புறங்கைதான் ஞாபகம் வரும்.

எனக்கு மிஞ்சியது பட்டைப் பிரச்சினை. வந்தது 5 விமானந்தாங்கிக் கப்பல், அவர் பார்த்தது எதனுடையது?

கம்ப்ரெஸர்:
காகா கப்பல் அதில் இல்லை, பலாவு தீவுப் பக்கம் பாறையில் தட்டிப் பழுது பார்க்கப் போயிருந்தது. ஆகவே 2 சிவப்புப் பட்டை வேண்டாம். ஒற்றை வெள்ளை அடித்து ஷோகாகு என்று சொல்லிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிசாக வெட்டி, ஓரத்தில் முதலில் கிளியர் அடித்து...

ஆர்த்தோக்காரன்:
யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக அடிப்பதா? அகாகி ஒற்றைச் சிவப்பு, சோர்யூ ஒற்றை நீலம், அவையும் வந்தவைதானே.

சீனன்குடா:
பட்டை அடிக்கிற எண்ணம் இல்லை. அலமாரியில் வயிறு மேலே பார்க்கத்தான் கிடக்குது, அப்படி வைத்ததில் வாலில் ஆன்டெனாக் கம்பி முறிஞ்சு போச்சு. 1/48 பி5என் உதிரிகள் ஆரிட்டையும் இருந்தால் சொல்லுங்கோ, தபால் காசு நான் தாறன்.