சால்மன் மீனுக்குச் சாயம் போடுகிறார்களா?

வெள்ளவத்தைக்காரி:
போன சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் நோர்வே சால்மன் இரண்டு துண்டு வாங்கினேன். விலையைச் சொன்னால் அடிக்க வருவீர்கள், அதை விடுங்கள். வீட்டில் பார்சலைப் பிரித்ததும் மாமி, "இதென்ன மீனா பூசணிக்காயா, சாயம் போட்டிருக்கிறான்கள்" என்று சொல்லி, தான் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கழுவிப் பார்த்தேன், தண்ணீரில் நிறம் இறங்கவில்லை. ஆனால் நெட்டில் தேடினால் பண்ணை மீனுக்கு நிறம் சேர்ப்பது உண்மை என்று இருக்கிறது. எது சரி? அப்புறம், நாங்கள் சின்ன வயதிலிருந்து 'சமன்' என்று சாப்பிட்ட டின் மீன் ஒருநாளும் இந்த நிறத்தில் இருந்ததில்லையே?

நண்டுக்கால்:
மாமி சொன்னது பாதி சரி அக்கா. மீனில் பூசுவதில்லை, தீனியில் கலக்கிறார்கள். இறாலைச் சட்டியில் போட்டதும் சிவக்கிறதல்லவா, அந்த அஸ்டாசாந்தின் என்ற பொருள்தான் சால்மனிலும் இருப்பது. பச்சை இறாலில் அது புரதத்தோடு ஒட்டிக்கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்டால் விடுபட்டுச் சிவப்பாகத் தெரியும். கடல் சால்மன் கிரில் (இறால் மாதிரி ஒரு சின்னக் கடல் உயிர்), சின்ன இறால் போன்றவற்றைத் தின்று அதைத் தசையிலேயே சேர்த்துவைக்கும். கிரில் மாதிரிச் சின்ன உயிர்களை நிறையத் தின்னும் சொக்கை (sockeye) என்ற சால்மன் வகை அதனால்தான் அப்படிச் சிவந்திருக்கும். பண்ணையில் கொடுப்பது சோயா, மீன்தூள், எண்ணெய் கலந்த உருண்டை, அதில் இந்த நிறம் போதாது. அதனால் தொழிற்சாலையில் செய்த அஸ்டாசாந்தினையோ, சில இடங்களில் ஈஸ்ட், பாசியிலிருந்து எடுத்ததையோ சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் சதை வெளிறிச் சாம்பலாக இருக்கும், அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? பெயின்ட் கடை அட்டை மாதிரி 20 முதல் 34 வரை எண் போட்ட நிற விசிறியே வைத்திருக்கிறார்கள், பெயர் சால்மோஃபேன். எனக்கு இதில் பயமில்லை, ஆனால் சிவப்பைப் பார்த்துத் தரமான மீன் என்று நம்பிவிடாதீர்கள்.

பழைய டின்:
டின் கேள்விக்கு நான். அது சால்மனே இல்லை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மெக்கரல் என்றுதான் இருக்கும். நம் நாட்டில் எந்த டின் மீனும் சமன்தான், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாணும் சமன் கறியும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு நோர்வேக்காரனின் சால்மன் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

குசினி ராசா:
@நண்டுக்கால் கடலில் பிடித்தது எல்லாம் சிவப்பு என்றும் இல்லை. பசிபிக் பக்கத்து சினூக் சால்மனில் சிலதுக்குச் சதை வெள்ளை, பிறவியிலேயே அந்த நிறத்தைத் தசையில் சேர்க்க முடியாத மீன்கள் அவை.

அக்கா, சமைப்பதைப் பற்றி ஒரு சொல். இது கொழுப்பு மீன், வெள்ளைக் கோடுகள் தெரிகிறதே, அதுதான் கொழுப்பு, பண்ணை மீனில் கூடுதலாக இருக்கும். அறக்குளா மாதிரிப் புளிக்குழம்பில் கொதிக்கவிட்டு நான் ஒருதரம் கெடுத்தேன், உதிர்ந்து கூழாகிவிட்டது. உப்பும் மிளகும் தடவித் தோல் பக்கம் கீழே இருக்கும்படி பொரியுங்கள், இறக்கியபின் தேசிக்காய். மேலே வெள்ளையாகக் கசிவது புரதம், பழுது இல்லை. கெலவல்லா (சூரை மீன்) சூடு பட்டால் சிவப்புப் போய்ச் சாம்பலாகும், அது இரத்தச் சிவப்பு மாதிரி வேறு பொருள். சால்மன் வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும், அதையும் சாயம் என்று மாமி பிடித்துக்கொள்ளப் போகிறார், முதலே சொல்லிவையுங்கள்.

வெள்ளவத்தைக்காரி:
நன்றி எல்லோருக்கும். பொரித்தேன். மாமியிடம் இறால் கதையைச் சொன்னேன், "அப்ப இறாலையே வாங்கியிருக்கலாமே, மலிவு" என்கிறார். முறுகின தோலை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார்.