2016 பரோலோ: அவசரப்பட்டுத் திறந்துவிட்டேனா?

கேள்வி:
இத்தாலியின் செர்ராலுங்கா த'ஆல்பா என்ற ஊரில் விளைந்த 2016 பரோலோ சிவப்பு ஒயினை நேற்றிரவு திறந்தேன். வெளிறிய மாதுளை நிறம். மென்மையாக இருக்கும் என்றே நம்பினேன். ஒரு மிடறு குடித்ததும் ஈறெல்லாம் இறுகிவிட்டது. பழச்சுவை எங்கோ பின்னால் ஒளிந்திருந்தது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்:
இல்லை. பரோலோ செய்யப்படும் நெபியோலோ திராட்சைக்கு நிறம் மெலிது, துவர்ப்பும் புளிப்பும் வலிது. நனைந்த அட்டைபோல நாறினால்தான் கவலைப்பட வேண்டும். பரோலோ விளையும் இன்னோர் ஊரான லா மோர்ராவின் ஒயின்கள் பொதுவாகச் சீக்கிரம் இளகும்; செர்ராலுங்காவினுடையவை பிடிவாதமானவை. பரோலோவுக்குச் சட்டம் கேட்பது 38 மாத முதிர்ச்சி, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். என் கணக்கில் அது தொடக்கம் மட்டுமே.

கேட்டவர்:
மீதியை இன்று சுவைத்தேன். உலர்ந்த ரோஜா, தார், புளிப்புச் செர்ரி! துவர்ப்பு குறையவில்லை, ஆனால் விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் நிற்கிறது.

இன்னொரு பதில்:
நான் முதலில் தேடுவது அந்த நீட்சியைத்தான். துவர்ப்பு மட்டும் இருந்து பழம் இல்லையென்றால் எத்தனை ஆண்டு காத்தாலும் பயனில்லை. உங்களுடையதில் மறுநாளும் பழம் வாடவில்லை. இன்னொரு புட்டி இருந்தால் இருட்டில், குளிர்ச்சியில் படுக்கவையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து விளிம்பில் செங்கல் நிறம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.